இல்டே கம்பியை விட்ட கதை

குதிரைக்கறிக் கடை இல்டே, தன் வீட்டு மாடியில் குடியிருந்த, ஓபராவில் உச்சக் குரலில் பாடுகிற டெனர் பையன் மேல் மயங்கிவிட்டாளாம். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். அந்த ஆத்திரத்தில், நிறைந்த சபையில் அவனுக்கு விசில் அடித்தாளாம். அப்புறம் வெட்கம் தாங்காமல், தியேட்டர் கேலரியில் காலம் காலமாக நின்ற இடத்தை விட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாளாம். எங்கள் பார்மா ஊர் முழுக்க இப்போது இதுதான் பேச்சு. மீன் வாங்கப் போனாலும் இது, சாவு வீட்டுக்குப் போனாலும் இது. போன வாரம் பாதிரியார் என் கடைக்கு ஒரு சாவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பூட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. "ஏம்ப்பா, அவளுக்கு அறுபது இருக்காது?" என்றார்.

ஐம்பத்தெட்டு. எனக்குத் தெரியும். அவள் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. சாவிக்கு நகல் போடுவேன், ஷூவுக்குக் குதி வைப்பேன். பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் விட்டது, நான் மீதியில் விட்டேன். இந்த வதந்தியில் முக்கால்வாசியை நான்தான் கிளப்பினேன் என்று சிலர் சொல்கிறார்கள். அபாண்டம். கால்வாசி இருக்கலாம். கேலரிக் கூட்டத்து ஆண்டு மலருக்கு யாராவது ஒருவரைப் பற்றி எழுது என்று என்னைப் பிடித்துக்கொண்டதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இல்டே ஒரு இடத்தில் நிற்கமாட்டாள். கறி அரைத்துக்கொண்டே தெருவை எட்டிப் பார்ப்பாள். தெருவைப் பார்த்துக்கொண்டே கத்தியைத் தீட்டுவாள். ரொட்டிக்கு நடுவில் பச்சைக் கறியை வைத்து, எலுமிச்சை பிழிந்து, மிளகு தூவி, வாடிக்கையாளர் வாய் திறக்கும் முன் கையில் திணித்துவிடுவாள். தின்று முடிக்கும் வரை விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருப்பாள். கல்யாணப் படத்தில்கூட மாப்பிள்ளை தெளிவாக இருக்கிறார், இவள் மட்டும் கலங்கலாக இருக்கிறாள். படம் எடுக்கும்போது அசைந்திருக்கிறாள்.

அந்த மாப்பிள்ளை, குவால்தியேரோ, ஓபராவில் கோரஸ் பாடகர். ஒருநாள் பொய்முடி தைக்கிறவளோடு மொதெனாவுக்குப் போய்விட்டார். நாங்கள் எல்லாம் துக்க முகத்தோடு கடைக்குப் போனோம். இல்டே கறியை வெட்டிக்கொண்டே சொன்னாள்: "எப்பவும் அரைத் தாளம் பின்னாடி வர்ற மனுஷன். போறதுலயாவது முந்திக்கிட்டாரே!"

இப்படி ஒரு நிமிஷம் நிற்காதவள், கூரைக்கு அடியில் இருக்கும் எங்கள் கேலரிக்கு வந்து முன்கம்பியைப் பிடித்துவிட்டால் மூன்று மணி நேரம் ஆடமாட்டாள், அசையமாட்டாள். அந்த இடம் அவளுக்கு எப்படி வந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் பாடம். இவளுடைய இள வயதில், பெரிய பேர் வாங்கிய ஒரு டெனர் பொன்ஜரிகை அங்கி போட்டுக்கொண்டு சுரத்தை உடைத்துப் பாடினார். எல்லோரும் மரியாதைக்காகச் சும்மா இருந்தார்கள். பின்வரிசையிலிருந்து இவள் குரல் மட்டும் வந்தது: "உடுப்பு நல்லாருக்கு! உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" அன்றைக்கே கூட்டம் விலகிக் கம்பியில் இடம் கொடுத்தது. அதிலிருந்து இதுதான் வழக்கம்: டெனர் பாட்டு முடிந்தால் கேலரி இல்டேயின் கைகளைப் பார்க்கும். அவள் தட்டினால் தட்டும். விசிலுக்கும் அவளைத்தான் பார்க்கும். எங்கள் ஊரில் விசில் பாராட்டு இல்லை, காறித் துப்புவதற்குச் சமம்.

போன இலையுதிர் காலத்தில் நம் தியேட்டரில் ஒரே ஓபராவுக்கு இரண்டு இளம் டெனர்களைப் போட்டார்கள். மாற்றி மாற்றிப் பாட வேண்டும். யார் நன்றாகப் பாடுகிறாரோ அவருக்கு அடுத்த வருஷத் தொடக்க விழாவில் பாடும் வாய்ப்பு. அது கிடைத்தால் வாழ்க்கை ஏறிவிடும். கிடைக்காதவன் கல்யாண மண்டபங்களில் பாடிக்கொண்டிருக்கலாம்.

ஒருவன் கொர்ராதோ பெல்லுஸ்கி. ஆள் கதவு மாதிரி, குரல் இரும்பு மாதிரி. உச்சத்தில் ஏறினான் என்றால் சரக்கு ரயில் நிலையத்துக்குள் வருகிற மாதிரி இருக்கும், நின்று வழிவிட வேண்டும். அவ்வளவு மூச்சு, அவ்வளவு எஃகு. என்ன ஒன்று, தாலாட்டும் சண்டையும் அவனுக்கு ஒரே சத்தம்தான். வார்த்தைகளை மென்று விழுங்கிவிடுவான்.

இன்னொருவன் நேவியோ சார்தொரெல்லி, ரொவீகோ பக்கத்துப் பையன், ஒல்லி. நடுக்குரலில் அவனுக்கு ஒரு வெதுவெதுப்பு. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது எங்கே விட்டான், எங்கே தொட்டான் என்று தெரியாது. ஒவ்வொரு வார்த்தையும் காதுக்கு வந்து சேரும். ஆனால் உச்சத்தில் பலமாகப் பாடினால் குரல் மெலிந்துவிடும். அதே உச்சத்தை மெல்லப் பாடச் சொன்னால் பாடுவான், அது இப்போதிருக்கும் பயல்களில் பத்துப் பேருக்குக்கூட வராது.

முந்தின வருஷம் ஒரு கொரியாக்காரர் வந்தார். பலமும் இருந்தது, மென்மையும் இருந்தது, உச்சரிப்பும் சுத்தம். குறை கண்டுபிடிக்கவே முடியவில்லை. அதனால் அவர் மேல் எங்களுக்கு இன்னும் கோபம்.

நேவியோ ஒத்திகை வாரங்களில் இல்டே வீட்டு மாடியில் குடிவந்தான். குழாய் ரிப்பேர் செய்கிற ஒத்தொரீனோ, கொர்ராதோ கட்சி. மத்தியானம் ஆனால் குழாய் திருகும் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டே கறிக்கடைக்கு வந்துவிடுவான்.

"இல்டே, எங்க ஆளு மேல போனா கூரை ஓடு நடுங்குது. உங்க ஆளு மேல போனா ஏதோ கெட்டில்ல தண்ணி கொதிக்குதுன்னு எந்திரிச்சுப் போயி அடுப்பை அணைச்சிரலாம்."

"உங்க ஆளு பாடுறானா? காதலிகிட்ட பேசுறானா, இல்ல ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிற மாட்டைக் கூப்பிடுறானான்னே தெரியலையேடா!"

"மாடு வருதுல்ல?"

"வரும். நீயும்தான் வர்ற."

கடையே சிரித்தது. ஒத்தொரீனோ விடவில்லை. "சரி, முதல் அங்கத்துப் பாட்டுல கடைசிச் சுரம் இருக்கே, அதை எல்லா டெனரும் நெஞ்சைப் பிளந்துதான் பாடுறான். உன் ஒல்லிப்பிச்சான் என்ன பண்ணப் போறான்?"

"எழுதினவர் எப்படி எழுதியிருக்காரோ அப்படிப் பாடுவான். மெல்ல. விளக்கு அணையுற மாதிரி."

"கேலரிக்கு வந்து சேருமா?"

இல்டே கத்தியைக் கீழே வைத்தாள். "என்கிட்ட சொல்லியிருக்கான், மெல்லத்தான் பாடுவேன்னு. அதைக் கேட்டு நீங்க வாயடைச்சுப் போகலைன்னா, கம்பியில என் இடம் உனக்கு. எடுத்துக்க."

கம்பியில் இடம் என்பது எங்களுக்குச் சொத்தைவிடப் பெரிது. அப்பன் செத்தால் மகனுக்குக்கூட வராது.

அவள் சும்மா சொல்லவில்லை. முந்தின சாயங்காலம் நேவியோ அவள் சமையலறையில் நின்று அந்தச் சுரத்தைப் பாடிக் காட்டினான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் சுவரில் காதை வைக்கவில்லை. சுவர்தான் என் காதுக்கு வந்தது. அந்தச் சுரம் முடிந்த பிறகு அங்கே ஒரு கரண்டி சத்தம்கூட இல்லை. இல்டே வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை.

முதல் நாள் கொர்ராதோ பாடினான். கடைசிச் சுரத்தில் நின்றான், நின்றான், நிறுத்தவே மாட்டான் போலிருந்தது. கேலரி இல்டேயின் கையைப் பார்த்தது. அவள்கூட நாலு தட்டுத் தட்டி, கேலரியை ஆடவிட்டாள். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. அன்றிலிருந்து நேவியோவுக்குப் போகிற இடமெல்லாம் கொர்ராதோதான். காப்பிக் கடையில் கொர்ராதோ, ஒப்பனை அறையில் கொர்ராதோ, முடிவெட்டுகிறவன் வாயில் கொர்ராதோ. பையன் ராத்தூக்கம் இல்லாமல் மாடியில் நடந்தான். கீழே இல்டே நடந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் படுத்துக்கொண்டு இரண்டு பேர் காலடியையும் கேட்டேன்.

அவன் முறை வந்தது. பாட்டு அழகாகத்தான் போனது, நூல் அறாமல். கடைசிச் சுரத்துக்கு வந்தான். மார்பை விரித்தான், காலை அகட்டினான், கொர்ராதோ மாதிரியே முழுப் பலத்தோடு போட்டான் ஒரு போடு. உடையவில்லை. சுரம் சுத்தமாகத்தான் இருந்தது, நான் பொய் சொல்லமாட்டேன். கேலரியில் பாதிப் பேர் இல்டேயின் கையைப் பார்க்கக்கூட மறந்து கத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஒத்தொரீனோ சந்தோஷத்தில் என் முதுகில் அறைந்தான்.

அப்போது இல்டே இரண்டு விரலை வாயில் வைத்தாள்.

அந்த விசில் அத்தனை கூச்சலையும் கிழித்துக்கொண்டு போனது. மேடையில் குனிந்து வணங்கிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து மேலே பார்த்தான். அத்தனை விளக்கு வெளிச்சத்திலும் அவனுக்கு யார் என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை பெட்டியோடு கடைக்கு வந்தான். கடையில் நானும் இருந்தேன். மிளகு வாங்கப் போயிருந்தேன். கறிக்கடையில் மிளகு விற்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

"மேடம், நான் தப்பாப் பாடினேனா?"

"இல்ல."

"சுரம் தவறுச்சா?"

"இல்லைன்னேனே."

"அப்புறம் ஏன்?"

"அது உன் சுரமே இல்ல. கொர்ராதோவோட சட்டையை மாட்டிக்கிட்டு வந்து நிக்கிற. என்கிட்ட என்ன சொன்ன? அங்க என்ன பண்ணின?"

பையன் பெட்டியைக் கீழே வைத்தான். "மெல்லப் பாடினா யாருக்கும் கேக்காது. கேக்கலைன்னா எனக்கு வேலை இல்ல. உங்களுக்குப் போறது ஒரு கம்பி. எனக்குப் போறது பொழப்பு."

"போ" என்றாள். ஆனால் அவள்தான் முதலில் உள்ளே போனாள். அவன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து விடுதிக்குப் போய்விட்டான். வதந்தி பிறந்தது அந்தக் காலைதான். பெட்டியோடு ஒரு இளைஞன், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட ஒரு பெண். ஊருக்கு வேறென்ன வேண்டும்?

மத்தியானம் ஒத்தொரீனோ வந்தான். "உன் ஆளே எங்க கட்சிக்கு வந்துட்டான். கம்பியைக் குடு."

"அவனுக்கு இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி இருக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானம். அதுவரைக்கும் வாயைப் பொத்து."

அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் இல்டே படுத்தின பாடு! ஒரே கறியை இரண்டு தடவை அரைத்தாள். எலுமிச்சையைப் பிழிந்துவிட்டுத் தோலை ரொட்டியில் வைத்தாள். கடையைப் பூட்டிக்கொண்டு விடுதி வரை போவாள், வாசலிலிருந்து திரும்பிவிடுவாள். திரும்பி வந்து, பூட்டினோமா என்று பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கடைசியில் ஒரு பாத்திரத்தில் சூப்பு, அதில் கறி வைத்த குட்டி அனொலீனிக் கொழுக்கட்டை, இறுக்கி மூடி என் கையில் கொடுத்தாள்.

"அவன்கிட்ட குடுத்துட்டு வா. நான் குடுத்தேன்னு சொல்லாத."

"பின்ன யார் குடுத்தான்னு சொல்ல?"

"நீ சமைச்சேன்னு சொல்லு."

"இல்டே, என் சமையல்னா அவனால பாட முடியாமப் போயிரும்."

வழியில் நாலைந்து அனொலீனி குறைந்தது, என்ன செய்ய, குளிர். அவன் மூடியைத் திறந்து முகர்ந்தான், யார் சமையல் என்று கேட்கவில்லை. "வருவாங்களா?" என்று மட்டும் கேட்டான். வருவாள் என்றேன். திரும்பி வந்தால் இவள், "என்னைக் கேட்டானா?" என்றாள். கேட்டான் என்றேன். "என்ன பாடப் போறான்னு சொன்னானா?" சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பக்கத்துக் கடையில் கத்தி தீட்டுகிற சத்தம் ஓயவே இல்லை. அத்தனைக்கும் அங்கே இருந்தது இரண்டே கத்தி.

ஞாயிற்றுக்கிழமை மூடுபனி. கேலரி பிதுங்கி வழிந்தது. கம்பியில் ஒரே ஒரு ஆள் அகலத்துக்கு இடைவெளி, அது இல்டேயின் இடம், காலியாக இருந்தாலும் யாரும் நிற்கமாட்டார்கள். விளக்கு மங்க ஆரம்பித்தது, ஆளைக் காணவில்லை. நான் வெளியே ஓடினேன். படிக்கட்டில் இருந்தாள். நாலு படி ஏறுவாள், நாலு படி இறங்குவாள்.

"உள்ள வா, ஆரம்பிக்கப் போறாங்க!"

"நான் வரலை."

"பைத்தியமா உனக்கு?"

"அவன் கத்தினாலும் எனக்குத் தாங்காது. மெல்லப் பாடி உடைஞ்சாலும் தாங்காது. நான் சொல்லித்தானே பாடுறான், உடைஞ்சா அவனை யார் எடுப்பா? நீ போ. கதவைச் சாத்து."

சாத்திவிட்டு உள்ளே ஓடினேன். கொஞ்ச நேரத்தில் அந்த முதல் அங்கத்துப் பாட்டு ஆரம்பித்தது. கடைசி வரி வந்தது. பையன் காலை அகட்டவில்லை. கையைக்கூட அசைக்கவில்லை. மேலே ஏறினான், ஏறின இடத்தில் அந்தச் சுரத்தைத் திறந்தான், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே போனான். எங்கே முடிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வாத்தியங்கள் நின்ற பிறகும் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

யாரும் கை தட்டவில்லை.

கேலரி முழுக்க ஒரே பக்கம் திரும்பியிருந்தது. எல்லோரும் கம்பியில் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பழக்கம்! தட்ட வேண்டிய கைகள் அங்கே இல்லை. ஒரு இருமல் இல்லை, ஒரு செருமல் இல்லை. வாத்தியக் குழுவை நடத்துகிறவர் கையைத் தூக்கினபடி நிற்கிறார். மேடையில் பையனின் முகம் மாவு மாதிரி வெளுத்துக்கொண்டே போகிறது. தொலைந்தோம் என்று நினைத்திருப்பான்.

கீழே, வெல்வெட் இருக்கைகள் இருக்கும் பக்கத்திலிருந்து, முத்துமாலை போட்ட ஒரு கிழவி கையுறையோடு பொத் பொத்தென்று தட்டினாள்.

கேலரிக்கு ரோஷம் வந்துவிட்டது. டெனருக்கு முதல் கைதட்டு கீழ்த்தளத்திலிருந்தா? எங்கள் தாத்தா காலத்திலிருந்து நடந்ததில்லை. முதலில் கத்தியது யார் தெரியுமா? ஒத்தொரீனோ. "பிராவோ! பிராவோ!" தொண்டை கிழிய. பிறகு மேலே இருந்த நாங்கள் அத்தனை பேரும். ஓபராவையே நிறுத்திவிட்டோம். பையன் அழுதான். கொர்ராதோகூடத் திரைக்குப் பக்கத்தில் நின்று தட்டியதாகச் சொன்னார்கள், அதை நான் பார்க்கவில்லை.

கதவு திறந்தது. இல்டே தலையை நீட்டினாள். முகத்தில் ரத்தமே இல்லை. "கத்திட்டானா?" என்றாள். இந்த அளவு கூச்சல், கத்தினால்தானே வரும்.

"இல்ல. மெல்லத்தான் பாடினான்."

"உடைஞ்சுதா?"

"இல்ல."

"எப்படி இருந்துச்சு?"

நாள் முழுக்க வாயால் பிழைக்கிறவன் நான். அன்றைக்கு மட்டும் கையை மேலே கொண்டுபோய், விரல்களை மெல்ல மூடிக் காட்டினேன். அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

தொடக்க விழா கொர்ராதோவுக்குத்தான் போனது. நிர்வாகத்துக்கு ரயில் சத்தம் வேண்டும், அதில் அதிசயம் இல்லை. ஆனால் அன்று கீழே உட்கார்ந்திருந்த ஒருவர் த்ரியெஸ்தேயில் வேறொரு ஓபராவுக்கு நேவியோவை அழைத்துக்கொண்டார், மெல்லப் பாடுகிற ஆள் வேண்டுமாம். ஊருக்குப் போகும் முன் பையன் கடைக்கு வந்தான். இரண்டு ரொட்டி தின்றான். வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "பாட்டைக் கேட்டீங்களா?"

"இல்ல" என்றாள் இல்டே. "நான் வெளிய நின்னேன்." மூன்றாவது ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி அவன் கோட்டுப் பைக்குள் திணித்தாள். அவ்வளவுதான் அவர்கள் பேசியது.

பந்தயம் என்ன ஆனது என்று அடுத்த வாரம் கடையில் பெரிய ரகளை. இல்டே ஜெயித்தாள், கேலரி வாயடைத்துப் போனதே என்றது ஒரு கட்சி. "வாயடைச்சது சுரத்துக்கா, இவ கைக்கா? இவளைத் தேடிக்கிட்டுல்ல நின்னோம்!" என்றது இன்னொரு கட்சி. யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஒத்தொரீனோவே கடைசியில் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "எனக்கு அந்த இடம் வேணாம் இல்டே. நானும்தானே பிராவோன்னு கத்தினேன். நீயே நில்லு."

அவள் நிற்கவில்லை. அடுத்த ஓபராவுக்கு வந்தபோது நேராகத் தூணுக்குப் பின்னால் போனாள். அங்கிருந்து மேடை பாதிதான் தெரியும். கம்பியில் ஒத்தொரீனோ நிற்கிறான், கூச்சப்பட்டுக்கொண்டு. பாட்டு முடிந்தால் நாங்கள் இன்னும் தூணைத்தான் பார்க்கிறோம். கழுத்து வலிக்கிறது. அவள் தட்டுகிறாளா இல்லையா என்றே தெரிவதில்லை.

இது வரைக்கும் எழுதியதைத் தூக்கிக்கொண்டு நேற்று அவள் கடைக்குப் போனேன். கறி அரைக்கிற இயந்திரத்தை நிறுத்தாமல், படி என்றாள். சத்தம் போட்டுப் படித்தேன். முடிந்ததும், "சரி இல்டே, என்கிட்ட மட்டும் சொல்லு. கொஞ்சூண்டு ஆசை இருந்துச்சுல்ல?" என்றேன். இயந்திரத்தை நிறுத்தினாள்.

"ஆசையா? அவன் சாப்பிடுறதை நீ பாத்திருக்கியா? சப்புச் சப்புன்னு, பூட்ஸ் சேத்துல போற மாதிரி. எவ ஆசைப்படுவா அதைக் கேட்டுட்டு? சொல்றேன், ஒழுங்கா எழுதிக்க. சொன்ன பேச்சை மாத்திப் பாடினான், கோவம் வந்துச்சு, விசிலடிச்சேன். அவன் திருத்திக்கிட்டுப் பாடினப்போ நான் பயந்துபோயி படிக்கட்டுல நின்னேன். பாடினவனுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்ல. பாட்டைக் கேக்காதவளுக்குக் கம்பியில என்னடா வேலை? ஒத்தொரீனோ பாட்டைக் கேட்டான், அவன் நிக்கட்டும். வெக்கமாம், ஒளிஞ்சுக்கிட்டாளாம்! போய் உன் சாவியை வெட்டு."